புளுகுக் கதையில் ஒரு வாசிப்புப் பாடம்

நடக்கவே முடியாத ஒன்றை, நேரில் பார்த்த சாட்சியின் நிதானத்தோடு சொல்வது புளுகுக் கதை. சொல்பவர் சிரிக்கக் கூடாது. ஊர்ப்பெயர், அளவு, பருவம் எல்லாவற்றையும் துல்லியமாகச் சொல்லிக்கொண்டே பொய்யை வளர்க்க வேண்டும். அமெரிக்காவில் மரம் வெட்டும் முகாம்களிலும் மாட்டுப் பண்ணைகளிலும் ஆற்றுப் படகுகளிலும் வளர்ந்த இவ்வகைக் கதைகள், இன்று அந்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் சொல்வளத்தையும் வாசித்துப் பொருள் உணரும் திறனையும் கற்பிக்கப் பயன்படுகின்றன. பெரும்பாலும் மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை இவை பாடமாகின்றன.

இக்கதைகளில் பெயர்பெற்றவன் பால் பன்யன் என்ற ராட்சத மரவெட்டி. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெரிய ஏரிகள் பகுதியின் முகாம்களில் வாய்மொழியாக உலவிய அவனை, ஜேம்ஸ் மெக்கில்லிவ்ரே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பத்திரிகைக்குக் கொண்டுவந்தார். 1914இல் ரெட் ரிவர் மரக் கம்பெனிக்காக வில்லியம் லாஃப்ஹெட் எழுதிய விளம்பரச் சிறுநூல்தான் அவனை நாடறியச் செய்தது. டெக்சாஸ் மாட்டிடையன் பெக்கோஸ் பில், 1923இல் எட்வர்ட் ஓ'ரைலி ஒரு மாத இதழில் எழுதியதன் மூலம் பிரபலமானான். இப்படி எழுத்தாளர்களும் விளம்பரக்காரர்களும் உருவாக்கி, நாட்டார் கதை என்ற பெயரில் உலவவிட்டவற்றை நாட்டாரியல் அறிஞர் ரிச்சர்ட் டார்சன் 1950இல் போலி நாட்டார் வழக்கு என்று கடுமையாகச் சாடினார். ஆய்வாளருக்கு அது குறைதான். வகுப்பறையில் அந்தக் குறையால் இழப்பு ஏதுமில்லை. பொய் யாருடையதானாலும் அதைப் பிரித்துப் பார்க்கும் பயிற்சி ஒன்றே.

பொய்யைப் பிரித்துப் பார்க்க உண்மையின் அளவு தெரிந்திருக்க வேண்டும். பன்யனின் முகாமில் அப்பம் சுடும் இரும்புத் தட்டு மிகப் பெரியது. அதற்குக் கொழுப்புத் தடவ ஆட்கள் பன்றி இறைச்சித் துண்டுகளைக் காலில் கட்டிக்கொண்டு அதன்மேல் சறுக்கிச் சறுக்கிப் போவார்களாம். சாதாரணத் தட்டு எவ்வளவு பெரியது, அதற்கு எண்ணெய் எப்படித் தடவுவார்கள் என்பதை அறிந்த குழந்தைக்கே இது வேடிக்கை. கதை எங்கும் ‘இது பொய்’ என்று சொல்வதில்லை. சொல்லப்பட்டதையும் தான் அறிந்ததையும் பக்கத்தில் வைத்து வாசகரே முடிவுக்கு வருகிறார். வரிகளுக்கிடையே ஊகிக்கும் இந்தத் திறனைத் தனியே சொல்லிக் கொடுப்பது கடினம். இங்கே குழந்தையின் சிரிப்பே ஆசிரியருக்குத் தேர்வுத்தாள்: சிரிக்காத குழந்தைக்கு ஒன்று சொல் தெரியவில்லை, அல்லது அளவு தெரியவில்லை.

எண்களும் இதற்கு உதவும். பன்யனின் நீலக் காளையான பேபின் இரு கண்களுக்கும் இடைப்பட்ட தூரம் 42 கோடரிக் காம்புகளும் ஒரு புகையிலைக் கட்டியும் என்பது கதையின் கணக்கு. ஒரு காம்பை ஏறத்தாழ 3 அடி என்று கொண்டால் 126 அடி வருகிறது. பள்ளி மைதானத்தில் அதை அளந்து காட்டலாம். அத்தனை பெரிய பொய்யின் நுனியில் ஒரு புகையிலைக் கட்டியை ஏன் சேர்த்தார்கள் என்பதுதான் நல்ல கேள்வி. துல்லியம் நம்பிக்கையைத் தருகிறது. புளுகுபவர் அதைத் தெரிந்தே கையாளுகிறார். இதை ஒன்பது வயதில் கண்டுகொண்ட குழந்தை பின்னாளில் விளம்பரம் வாசிக்கும்போதும் கண்டுகொள்ளும்.

சொற்களைத் தேர்ந்தெடுப்பதில் அமெரிக்க ஆசிரியர்கள் பலர், இசபெல் பெக், மார்கரெட் மெக்கியோன், லிண்டா குகான் ஆகிய மூவரும் 2002இல் வெளியிட்ட நூலின் வழியைப் பின்பற்றுகிறார்கள். அவர்கள் சொற்களை மூன்று அடுக்காகப் பிரித்தார்கள். காளை, குழந்தை போன்ற அன்றாடச் சொற்கள் முதல் அடுக்கு. அவற்றைப் பள்ளி கற்பிக்க வேண்டியதில்லை. மரத்தொழிலுக்கோ மாட்டுப் பண்ணைக்கோ மட்டும் உரிய கருவிப் பெயர்கள் மூன்றாம் அடுக்கு. கதை புரியும் அளவுக்கு ஒரு படம் காட்டி நகர்ந்துவிடலாம். இடையில் உள்ளவையே முக்கியம்: வியப்புறு, பற்றாக்குறை, சாமர்த்தியம் போல எந்தப் பாடத்திலும் எந்த நூலிலும் எதிர்ப்படும் சொற்கள். புளுகுக் கதையில் இவை நிறைய உண்டு. குறிப்பாக, அளவைக் குறிக்கும் சொற்களை ஏணிப்படி போல வரிசைப்படுத்த இக்கதைகள் வசதியானவை. பிக், ஹியூஜ், எனார்மஸ், கலாசல் என்று ஆங்கிலச் சொற்களை ஏறுவரிசையில் வைத்து, காளைக்கு எது, காளையின் லாடத்துக்கு எது என்று குழந்தைகளை வாதிடவிடுவார்கள்.

ஆனால் இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. தெரியாத சொல்லின் பொருளைச் சூழலைக் கொண்டு ஊகிக்கும்படி குழந்தைகளிடம் சொல்வது வழக்கம். பெக், மெக்கியோன் இருவரும் மற்றொருவருடன் சேர்ந்து 1983இல் எழுதிய கட்டுரையில், எல்லாச் சூழலும் பொருளைக் காட்டுவதில்லை, சில சூழல்கள் வாசகரைத் தவறான பொருளுக்கே இட்டுச்செல்லும் என்று காட்டினார்கள். புளுகுக் கதை இந்தக் கடைசி வகைக்கு உகந்த விளைநிலம். பெக்கோஸ் பில் சைக்ளோன் (சூறாவளி) மேல் ஏறி உட்கார்ந்து சவாரி செய்தான், அது அவனைத் தள்ளிவிடத் துள்ளியது என்று வரும். அந்தச் சொல்லை அறியாத குழந்தை அது ஒரு முரட்டுக் குதிரை என்று முடிவு கட்டும்; அதன் ஊகத்தில் தர்க்கப் பிழை எதுவும் இல்லை. கதையின் நகைச்சுவையும் அதோடு போய்விடும். ஆகவே மிகைப்படுத்தலைத் தாங்கி நிற்கும் சொற்களை மட்டும் வாசிப்புக்கு முன்பே, அன்றாட அளவிலேயே விளக்கிவிட வேண்டும். சூறாவளியின் படத்தைப் பார்த்த பிறகு சவாரியைப் படிப்பதே சரியான வரிசை. வேற்றுமொழி பேசும் வீடுகளிலிருந்து வரும் குழந்தைகளுக்கு இது இன்னும் அவசியம்.

வகுப்பில் முதல் வாசிப்பை ஆசிரியரே உரக்கச் செய்வது நல்லது. முகத்தில் சலனமில்லாமல் வாசிக்கும் குரலே பாதி விளக்கம். ஸ்டீவன் கெல்லாக் பன்யனுக்கும் (1984) பெக்கோஸ் பில்லுக்கும் (1986) செய்த படப் புத்தகங்கள் இதற்கு ஏற்றவை. இரண்டாம் வாசிப்பில் குழந்தைகள் ஒவ்வொரு நிகழ்ச்சியையும் நடக்கக்கூடியது, அரிதாக நடக்கக்கூடியது, நடக்கவே முடியாதது என்று பிரித்து எழுதுகிறார்கள். நடுப்பகுதியில்தான் விவாதம் சூடுபிடிக்கும். தமிழ் இலக்கணம் உயர்வு நவிற்சி என்று சொல்லும் அணியை, பெயர் சொல்லாமலே அவர்கள் அடையாளம் கண்டிருப்பார்கள். பெயரைப் பிறகு சொன்னால் போதும்.

எல்லாக் கதைகளும் முழுப்பொய் அல்ல. ஆப்பிள் விதை ஜானி என்று கதைகளில் வருபவர் 1774இல் பிறந்த ஜான் சாப்மன்; உண்மையிலேயே நாற்றுப் பண்ணைகள் வைத்தவர். டேவி கிராக்கெட் டென்னசியின் நாடாளுமன்ற உறுப்பினர். 1836இல் அலமோ கோட்டையில் இறந்தவர். அவர் உயிரோடிருந்தபோதே 1835 முதல் அவர் பெயரில் பஞ்சாங்கங்கள் வெளிவந்து புளுகைப் பரப்பின. நீராவித் துளைப்பானோடு போட்டியிட்டு வென்று அங்கேயே விழுந்து இறந்த ஜான் ஹென்றியைப் பற்றிச் சொல்லும்போது வகுப்பின் தொனியும் மாற வேண்டும். அந்தப் போட்டி நடந்த ரயில் சுரங்கம் எது, ஆள் யார் என்பதில் ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை. ஆனால் உள்நாட்டுப் போருக்குப் பின் கறுப்பினத் தொழிலாளர்கள் ரயில் சுரங்கங்களில் பாறை உடைத்ததும் பலர் மாண்டதும் வரலாறு. இதை மற்ற வேடிக்கைக் கதைகளோடு ஒரே வாரத்தில் ஒரே பயிற்சித்தாளில் அடைப்பது பொருத்தமற்றது.

கடைசியில் குழந்தைகளே எழுதுகிறார்கள். வீட்டில் நடந்த சிறு உண்மையொன்றை எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு படி உயர்த்த வேண்டும். கற்ற சொற்களில் நான்கைந்து அதில் இடம்பெற வேண்டும். மதிப்பிடும்போது பொய்யின் பிரமாண்டத்துக்கு மதிப்பெண் இல்லை. சொல் தன் பொருளில் நிற்கிறதா, எந்த வாக்கியத்தில் உண்மை முடிந்து புளுகு தொடங்குகிறது என்பதை எழுதிய குழந்தையால் விரல் வைத்துக் காட்ட முடிகிறதா என்பவையே பார்க்கப்படுகின்றன.