சிவசமுத்திரம் மின்சாரமும் தங்கவயல் நுரையீரலும்

காவிரியில் அமைந்த முதல் நீர்மின் நிலையம் எது? போட்டித் தேர்வுக்குப் படிக்கும் நம் பிள்ளைகள் உடனே சொல்வார்கள்: சிவசமுத்திரம், 1902. மைசூர் திவான் சேஷாத்ரி ஐயரின் பெயரையும் சேர்த்தே மனப்பாடம் செய்கிறோம். அந்த மின்சாரம் முதலில் எங்கே போனது என்று நாம் கேட்பதில்லை.

அது ஊர்களுக்குப் போகவில்லை. சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து, ஆங்கிலேயக் கம்பெனிகள் நடத்திய கோலார் தங்கவயலுக்குத்தான் கொண்டுபோனார்கள். பெங்களூரு தெருக்களுக்கே 1905இல்தான் விளக்கு வந்தது.

தங்கவயலில் பூமிக்கடியில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் யார்? பஞ்சத்துக்கும் பண்ணை அடிமைத்தனத்துக்கும் தப்பி வடாற்காட்டுச் சேரிகளிலிருந்து போன நம் மக்கள். காவிரித் தண்ணீர் சுழலியைச் சுற்றியது. அந்த மின்சாரம் காற்றழுத்த இயந்திரங்களை ஓட்டியது. அழுத்தக் காற்றில் இயங்கிய துளைக்கருவி பாறையைக் குடைந்தது. பறந்த கல்தூள் தொழிலாளியின் நுரையீரலில் படிந்தது. சிலிக்கோசிஸ் என்ற அந்த நோய்க்கு இன்றும் முழுமையான மருந்து இல்லை. தங்கம் லண்டனுக்குப் போனது. இருமல் நம் வீடுகளுக்கு வந்தது.

ஆனால் நம் மக்கள் வெறுமனே இருமிக்கொண்டிருந்தவர்கள் அல்லர். கைரேகைப் பதிவை எதிர்த்து 1930இல் ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்தார்கள். பண்டிதர் அயோத்திதாசர் 1907இல் சென்னையில் தொடங்கிய ‘தமிழன்’ இதழ், பின்னாளில் ஜி. அப்பாத்துரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்தே வெளிவந்தது. பண்டிதரின் நூல்களைச் சாம்பியன் ரீஃப் சித்தார்த்தா புத்தகசாலை அச்சிட்டுக் காத்தது. சுரங்கக் கூலியில் மிச்சம் பிடித்து நூல் அச்சிட்ட சமூகம் நம்முடையது.

சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. சிவசமுத்திரம் இன்றும் ஓடுகிறது; அதன் பெருமை பேசப்படுகிறது. பேசட்டும். அந்தப் பெருமையில் உழைத்தவரின் பங்கு எழுதப்படாததைத்தான் நாம் கேட்கிறோம்.

மாணவர்களே, உங்கள் வீட்டில் ‘கோலாருக்குப் போன’ தாத்தாவோ பாட்டனோ இருந்திருப்பார். எந்த ஆண்டு போனார், எந்தச் சுரங்கத்தில் இறங்கினார், எதனால் இறந்தார் என்று பெரியவர்களிடம் கேளுங்கள். கேட்டதை நோட்டில் எழுதி வையுங்கள். சொல்லக்கூடியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.