ஈரலுக்காக அழிக்கப்படும் ஆழ்கடல் சுறா

ஊவா மாகாணத்துக்குக் கடற்கரை கிடையாது. தெமோதரையிலும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் வாழும் மக்களுக்குச் சுறா பெரும்பாலும் கருவாடாகவே அறிமுகமாகியுள்ளது. பிள்ளை பெற்ற தாய்க்குப் பால்சுறா சமைத்துக் கொடுக்கும் வழக்கமும் தமிழ், முஸ்லிம் இல்லங்களில் உண்டு. ஆனால் கறிக்காக அன்றி, முதன்மையாக ஈரலுக்காகவே பிடிக்கப்படும் சுறாவினமொன்று நமது அயற்கடலில் அழிவின் விளிம்புக்குத் தள்ளப்பட்டதை நம்மில் பலர் அறிந்திலர்.

நாய்ச்சுறா வகையைச் சார்ந்த கல்பர் சுறாக்கள் பெரும்பாலும் 200 மீற்றருக்குக் கீழே, வெளிச்சம் குன்றிய ஆழத்தில் வாழ்பவை. மீன்களுக்குள்ள காற்றுப்பை சுறாக்களுக்கு இல்லை. எண்ணெய் நிரம்பிய பெரிய ஈரலே அவற்றை மிதக்க வைக்கின்றது. அவ்வெண்ணெயில் செறிந்துள்ள ஸ்குவாலீன் என்னும் பொருளை 1906 இல் ஜப்பானிய இரசாயனவியலாளர் சுஜிமோட்டோ கண்டறிந்தார். நாய்ச்சுறாவின் விஞ்ஞானப் பெயரான ஸ்குவாலஸ் என்பதிலிருந்தே அதற்கு இப்பெயர் வந்தது. முகப்பூச்சுகளிலும் சத்துக் குளிசைகளிலும் சில தடுப்பூசிகளிலும் இது சேர்க்கப்படுகின்றது.

மாலைதீவில் இச்சுறாக்களைப் பிடிக்கும் தொழில் 1980 அளவில் ஆரம்பமாயிற்று. எண்ணெய் ஜப்பானுக்கு ஏற்றுமதியானது. சில வருடங்களிலேயே உச்சத்தைத் தொட்ட இத்தொழில், 2000 களின் தொடக்கத்தில் பிடிப்பதற்குச் சுறாவின்றி முடங்கியது. காரணம் எளிது. இவை பருவமடையப் பல வருடங்கள் செல்லும். சில இனங்களில் கர்ப்பகாலம் ஏறக்குறைய இரண்டு வருடங்கள். பிறப்பதோ ஓரிரு குட்டிகளே. கொழுந்து பறித்த மலைக்கு ஒரு வாரத்தில் மீண்டும் செல்லலாம். இங்கு நடந்ததோ தேயிலைச் செடியையே வேரோடு பிடுங்கிய காரியம்.

2010 இல் மாலைதீவு சுறாப் பிடித்தலை முற்றாகத் தடை செய்தது. எனினும் 2025 இல் கல்பர் சுறாவுக்கு மட்டும் மீண்டும் அனுமதியளிக்க அந்நாட்டு அரசு தீர்மானித்தது. அதே வருடம் சமர்கண்டில் கூடிய சைட்டிஸ் மாநாடு இச்சுறாக்களை இரண்டாம் பட்டியலில் சேர்த்தது. (2019 இல் கொழும்பில் நடைபெறவிருந்து, உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின் ஜெனீவாவுக்கு மாற்றப்பட்டதும் இந்த மாநாட்டின் ஓர் அமர்வே.) இரண்டாம் பட்டியல் வர்த்தகத்தைத் தடை செய்வதில்லை. ஏற்றுமதியால் இனத்துக்குக் கேடில்லை என ஏற்றுமதி செய்யும் நாடே உறுதிப்படுத்த வேண்டும் என்பதே அதன் நிபந்தனை.

இலங்கையின் 2015 ஆம் ஆண்டு ஒழுங்குவிதி ஐந்து சுறா இனங்களைப் பாதுகாத்தது. கல்பர் சுறா அவற்றில் ஒன்றல்ல. கண்ணுக்குத் தென்படும் பெரிய சுறாவுக்குக் கிடைக்கும் அனுதாபம் ஆழத்தில் வாழ்வதற்குக் கிடைப்பதில்லை போலும். இதில் கடற்றொழிலாளரைக் குறைகூறுவதில் பயனில்லை. ஈரலுக்கு விலை உள்ளவரை தூண்டில் இறங்கவே செய்யும்.

ஸ்குவாலீனை ஒலிவ் எண்ணெயிலிருந்தும் பெறலாம். நமது மாகாணத்தின் பெல்வத்தையில் விளையும் கரும்பைப் போன்ற கரும்பின் சீனியை நொதிக்கச் செய்தும் வெளிநாடுகளில் இது தயாரிக்கப்படுகின்றது. 2008 இலேயே யூனிலீவர், லோரியல் ஆகிய நிறுவனங்கள் சுறா எண்ணெயைக் கைவிடுவதாக அறிவித்தன. ஆகவே கடற்றொழில் அமைச்சு கல்பர் சுறாவைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்ப்பதோடு, ஸ்குவாலீன் எதிலிருந்து பெறப்பட்டது என்பதை முகப்பூச்சு, குளிசைப் பொதிகளில் குறிப்பிடுவதையும் அரசு கட்டாயமாக்க வேண்டும். பதுளைக் கடையில் அவற்றை வாங்கும் பெண்ணும் அதைக் கண்டே தெரிவு செய்ய முடியும்.