மானுக்கு எல்லையுண்டோ?

வேட்டைக்குச் செல்வோன் தன் குறியின் திறத்தை மட்டும் எண்ணிப் புறப்படுதல் ஐக்கிய அமெரிக்காவில் இயலாது. தன் வீடு எம்மாநிலத்துள்ளது என்பதையும் அவன் எண்ணுதல் வேண்டும். ஒரே காட்டில், ஒரே நாளில், ஒரே இன மானைத் தேடும் இருவருள், உள்ளூரான் சிறுதொகை செலுத்த, அயல் மாநிலத்தான் அதனிற் பன்மடங்கு செலுத்துதல் அங்கு வழக்கம்.

மொன்ரானா மாநிலத்தில் 1976 ஆம் ஆண்டு நிலவிய கட்டணங்களை நோக்குவோம். ‘எல்க்’ என்னும் பெரிய மானை வேட்டையாட உள்ளூரார் 9 டொலர் செலுத்தினர். அயலாரோ, வேறு விலங்கு, பறவை, மீன் என்பவற்றையும் உள்ளடக்கிய 225 டொலர் அனுமதிப்பத்திரத்தையே வாங்கவேண்டியிருந்தது. அதற்கு நிகரான உரிமைகளை உள்ளூரார் 30 டொலருக்குப் பெற்றனர்.

இது முறையோ என வழக்கெழுந்தது. 1978 இல் அந்நாட்டு உயர் நீதிமன்றத்தின் நீதியரசர் அறுவர் கட்டணம் செல்லும் என்றனர், மூவர் மறுத்தனர். எல்க் வேட்டை பொழுதுபோக்கேயன்றிப் பிழைப்புக்குரிய தொழிலன்று. ஆதலின் அதில் எல்லா மாநிலத்தாரையும் சமமாக நடத்தவேண்டும் என்னும் கடப்பாடில்லை என்பது பெரும்பான்மையோர் துணிபு. 2005 இல் அந்நாட்டுப் பாராளுமன்றமும் இவ்வேற்றுமையை மாநிலங்களின் உரிமையெனச் சட்டத்தால் உறுதிசெய்தது.

உள்ளூரான் பக்கத்தும் நியாயமுண்டு. ஆண்டு முழுவதும் மாநில வரி இறுப்பவன் அவன். பனிக்காலத்தில் மான்கள் மேய்ந்தழிப்பது அவன் கால்நடைக்குரிய புல்லையே. ஆயின் அயலானும் வெறுங்கையனல்லன். அம்மான்கள் உலவும் மலைக்காடுகளுட் பெரும்பகுதி நாட்டு மக்கள் அனைவரதும் வரியாற் பேணப்படுவது. 1937 ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேட்டைத் துவக்குக்கும் தோட்டாவுக்கும் விதிக்கப்படும் வரியிலிருந்து விலங்குகளைக் காக்க மாநிலங்கள் பங்கு பெறுகின்றன. அவ்வரி அயலானையும் சாரும்.

ஆகவே, வேற்றுமை தகும். அதன் அளவே ஆராயத்தக்கது. வேடர் தொகையைக் குறைப்பதே நோக்கமாயின் சீட்டுக் குலுக்கும் முறை உண்டு. மேற்கு மாநிலங்கள் பல அதனைக் கையாள்கின்றன. சீட்டு, செல்வனையும் ஏழையையும் ஒப்ப நோக்கும். விலை அவ்வாறு நோக்காது. வழிச்செலவும் தங்குசெலவும் முன்னரே சுமந்து வரும் எளியவனை, எல்லையிற் கட்டணமும் தடுக்கின்றது. பொருளுடையானோ தடையின்றிக் காடு புகுகின்றான். உள்ளூரானுக்குச் சலுகையென விதித்த வேறுபாடு, பயனளவிற் செல்வனுக்கே சலுகையாய் முடிதல் அறமாகுமோ?

மான் எல்லைக்கல்லைக் கண்டு நிற்பதில்லை. எல்லை வகுத்தவர் மனிதர். அங்கு நிறுத்தப்படுவோன் எவன் என்பதை ஆராய்தலும் அவர்தம் கடனே.