எல்லவுக்கு ஒரு ‘வண்டு’ வரப்போகிறது

ரொறன்ரோவிலிருந்து தங்கச்சி எடுத்த அழைப்பில் பாதி நேரம், மகன் கொண்டு வரப்போகும் சாமானைப் பற்றியே போனது. என் பெறாமகனுக்கு இருபத்திரண்டு வயது. ஐந்து வாரத்தில் களுபோவிலவுக்கு வருகிறான். இரண்டு நாள் எங்கள் வீட்டில் நின்றுவிட்டு ரயிலேறி எல்ல போகிறானாம். பையில் ஒரு ட்ரோன்.

“பெரியம்மா, பயப்பிடாதேங்கோ. இது 249 கிராம் தான். லைசென்சும் தேவையில்லை, பதிவும் தேவையில்லை” என்றான்.

அவன் பொய் சொல்லவில்லை. கனடாவில் 250 கிராமுக்குக் குறைந்த ட்ரோனைப் பதிவு செய்ய வேண்டியதில்லை. இந்தியாவின் 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளிலும் 250 கிராம் வரை ‘நானோ’ வகைதான். அந்தக் கோட்டுக்கு ஒரு கிராம் கீழே நிற்கட்டும் என்றே இந்த மொடலைச் செய்கிறார்கள். யப்பானில் கோடு 200 கிராமாக இருந்தபோது, இந்த மொடலைச் செய்கிற கம்பனி அங்கே மட்டும் 199 கிராமில் ஒன்றை விற்றது. 2022இல் யப்பான் கோட்டை 100 கிராமுக்கு இறக்கியதும் அந்தச் சாமர்த்தியம் செல்லாக்காசாகிவிட்டது.

எங்கள் நாட்டில் கோடு 200 கிராமில் இருக்கிறது. சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் வகைப்படுத்தலில் 200 கிராம் வரை ஒரு வகை, அதற்கு மேல் 1 கிலோ வரை இன்னொன்று, 1 கிலோவிலிருந்து 25 கிலோ வரை வேறொன்று, அதற்கும் மேலே பெரியவை. கனடாவில் கணக்கில் வராத 249 கிராம் கட்டுநாயக்கவில் இறங்கிய உடனே கணக்கில் வந்துவிடுகிறது. வெளிநாட்டிலிருந்து வருகிற எங்கள் பிள்ளைகள் பலர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

எடை மட்டும் என்றால் இதை எழுதவே தேவையில்லை. எங்கள் ஊரில் ட்ரோனுக்கு வேறொரு வரலாறு இருக்கிறது. சண்டைக் காலத்தில் வன்னியில் தலைக்கு மேல் சுற்றிய வேவு விமானத்துக்குச் சனம் வைத்த பெயர் ‘வண்டு’. வண்டு சுற்றினால் பின்னால் என்ன வரும் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரிந்திருந்தது. பிறகு 2019 ஏப்ரல் 21. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலும் மற்ற இடங்களிலும் குண்டுகள் வெடித்து நாலாம் நாள், நாடு முழுவதும் ட்ரோன் பறக்கவிடுவது நிறுத்தப்பட்டது. அடுத்த வருடம் கொரோனா முடக்கத்தில் விமானப்படையின் ட்ரோன்களே கொழும்பின் கூரைகளுக்கு மேலே பறந்தன. இந்த நாட்டில் ட்ரோன் விளையாட்டுச் சாமானாக வந்து சேரவில்லை. அதனால்தான் இங்கே அனுமதிக் கடதாசியில் முதல் பெயர் பாதுகாப்பு அமைச்சு.

அவனுக்கு நான் சொன்ன ஒழுங்கு இதுதான். பெட்டி கட்டுவதற்கு முன்பே பாதுகாப்பு அமைச்சின் அனுமதியைக் கேட்க வேண்டும். கருவி வானொலி அலையில் இயங்குவதால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கும் அதில் பங்குண்டு. பதிவும் பறப்பதற்கான அனுமதியும் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையிடம். 2002ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான சபை அது. 2010ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க சிவில் விமானச் சட்டம் அதன் கையில் இருக்கும் பெரிய தடி. வந்திறங்கியதும் சுங்கத்தில் சிவப்பு வழியால் போய்ச் சாமானைக் காட்ட வேண்டும். பச்சை வழியால் நழுவப் பார்ப்பது, பிடிபட்டால், கடதாசி இல்லாத குற்றத்தோடு மறைத்த குற்றத்தையும் சேர்த்துக்கொள்வது. கடதாசி முழுமையாக இல்லையென்று சுங்கம் ட்ரோனைத் தடுத்து வைத்தால் சண்டை பிடிக்காமல், கருவியின் தொடர் இலக்கம் எழுதிய பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்க வேண்டும். திரும்பிப் போகும்போது சாமானை மீட்க உதவுவது அந்தத் துண்டுதான். மேலதிக பற்றரிகள் கைப்பையில் வரவேண்டும், பெட்டிக்குள் போடக்கூடாது. இது எல்லா நாட்டு விமானத்துக்கும் பொது.

“சரி, வந்த உடனே உங்கட மொட்டை மாடியில ஒருக்கா பறக்கவிட்டுப் பாப்பம்” என்றான்.

அங்கேயும் நான் கை மறித்தேன். எங்கள் வீட்டு மாடியிலிருந்து இரத்மலானை விமான நிலையம் நேர்கோட்டில் ஏறத்தாழ 5 கிலோமீட்டர். பலாலிக்கு அங்கேயிருந்து பறந்து போனவர்களுக்கு அந்த ஓடுபாதை நன்றாகத் தெரியும். விமானப்படையும் அங்கே இருக்கிறது. விமான நிலையத்தைச் சுற்றிய வானம் தனி அனுமதி வேண்டிய வானம். வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசை மாடிகளில் கலியாண வீடியோவுக்காக ட்ரோன் ஏற்றுகிறவர்கள் இதை நினைப்பதாகத் தெரியவில்லை. 2018 டிசம்பரில் லண்டனின் கட்விக் விமான நிலையம், ட்ரோன் தெரிந்ததென்ற தகவலில் ஒன்றரை நாள் அளவுக்கு முடங்கியது. ஏறத்தாழ 1,000 பறப்புகள் குழம்பின, 140,000 பயணிகள் தவித்தார்கள்.

இனி மலைக்கு வருவோம். எல்லவில் எல்லோரும் படம் எடுக்க ஓடுவது ஒன்பது வளைவுப் பாலத்துக்கு. 1921இல் கட்டி முடித்த பாலம், உயரம் சுமார் 24 மீட்டர், எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவில். ரயில் வரும் நேரத்தில் தண்டவாளத்தின் மேலும் இரு கரையிலும் சனம் நிறைந்திருக்கும். ட்ரோன்காரனுக்கு வேண்டியதும் அதே நிமிடம்தான். ஆட்கூட்டத்துக்கு மேலே பறக்கவிடக்கூடாது, கண்ணுக்கு எட்டாத தூரம் விடக்கூடாது என்ற இரண்டு அடிப்படை விதிகளும் அந்த ஒரே நிமிடத்தில் உடைகின்றன. பாலத்தில் செல்பி எடுக்கும் பிள்ளையின் தலையில் கால் கிலோ விழுந்தால் எப்படியிருக்கும் என்று கணக்குப் பார்க்கத் தேவையில்லை.

மலை இன்னொரு ஏமாற்றும் செய்யும், சமதரையில் பழகியவனுக்கு அது பிடிபடாது. திரையில் காட்டுகிற உயரம் ட்ரோன் புறப்பட்ட இடத்திலிருந்து அளந்தது, கீழேயிருக்கும் தரையிலிருந்து அல்ல. மேட்டில் நின்று ஏற்றிப் பள்ளத்தாக்குக்கு மேலே விட்டால் திரை 60 மீட்டர் என்றுதான் சொல்லும். தரையிலிருந்து அது 300 மீட்டராக இருக்கலாம். அனுமதியில் எழுதிய உயரத்தை மீறியது அவனுக்கே தெரியாது. பள்ளத்தில் நின்று மலைப்பக்கம் விட்டால் இதற்கு மறுதலை: உயரம் மாறாமல் போகிறது என்று நினைத்துக்கொண்டிருக்க, சரிவு எழும்பி வந்து முட்டும். சிக்னல் அறுந்தால் தானே வீடு திரும்பும் என்ற நம்பிக்கையும் இங்கே அரைகுறைதான். முன்பே குறித்த உயரத்தில் நேர்கோடு பிடித்து வரும் கருவி, நடுவில் ஒரு மலை முதுகோ யூக்கலிப்டஸ் வரிசையோ நின்றால் என்ன செய்யும்? எல்லவின் மலை இடைவெளியால் அள்ளிக்கொண்டு வரும் காற்றையும், பத்து நிமிடத்தில் இறங்கிவிடும் பனிமூட்டத்தையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

விழுந்தால் அதோடு முடிந்ததென்றும் இல்லை. உடைந்த லித்தியம் பற்றரி தீப்பிடிக்கக்கூடியது. ஊவாவில் வரட்சி மாதங்களில் புல் காய்ந்து பத்திக்கொள்ளக் காத்திருக்கும். அங்கே தீ மலையேறினால் விமானப்படை ஹெலிகொப்டர் வாளி கட்டித் தண்ணீர் கொண்டு வரும். அந்த நேரம் பார்த்து ‘வ்யூ’ எடுக்க ட்ரோன் ஏற்றுகிறவர்களுக்கு 2025 ஜனவரி 9 அன்று லொஸ் ஏஞ்சல்சில் நடந்ததைச் சொல்ல வேண்டும். காட்டுத்தீயைப் பார்க்க ஒருவர் கார் தரிப்பிடத்தின் உச்சியிலிருந்து ட்ரோன் விட்டார். இரண்டரைக் கிலோமீட்டர் தள்ளிப்போய் அது கண்ணிலிருந்து மறைந்தது. தீயணைக்க வந்த விமானத்தின் இறக்கையில் மோதி ஓட்டை போட்டது, விமானம் சில நாள் தரையில் நின்றது. மோதிய மொடல் என்ன தெரியுமா? என் பெறாமகன் கொண்டு வரப்போகும் அதே 249 கிராம் வகை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப்போட்டபோது, வீதி அறுந்த ஊர்களுக்கு ஹெலிகொப்டர்தான் ஒரே வழியாக இருந்தது. மண்சரிவை மேலிருந்து படம்பிடித்து இணையத்தில் போடும் ஆசை, அந்த ஹெலிகொப்டரின் பாதையில் போய் நிற்கும் ஆசை.

மலையில் எந்த மண் ஆருடையது என்பதும் லேசில் பிடிபடாது. ஹோட்டன் சமவெளி 1988 முதல் தேசியப் பூங்கா. அங்கே ‘உலக முடிவு’ என்ற மலை விளிம்பில் ட்ரோன் ஏற்ற வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். வாசலில் வாங்கும் நுழைவுச்சீட்டு அந்த அனுமதி ஆகாது. ஹோட்டன் சமவெளியும் சிவனொளிபாதமலைக் காடும் நக்கிள்சும் 2010இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய மத்திய மலைநாட்டின் மூன்று துண்டுகள். பழைய கட்டடங்கள், குகைகள் என்றால் தொல்பொருள் திணைக்களம். எல்லவிலிருந்து அவ்வளவு தூரமில்லாத தியத்தலாவையில் இராணுவமும் விமானப்படையும் இருக்கின்றன. அந்தப் பக்கம் கமராவைத் திருப்பினால் கேள்வி கேட்கப்போவது சுற்றுலாப் பொலிஸ் அல்ல.

ஹோட்டல்காரர் “எங்கட தோட்டத்தில விடுங்கோ, பிரச்சினை இல்லை” என்பார். ஒரு மலையக விடுதியில் எனக்கே நடந்தது. எங்களோடு வந்தவர் முகாமையாளரின் சொல்லை நம்பி ஏற்றினார், கால்மணி நேரத்தில் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக் காவலாளி வந்து நின்றார். முகாமையாளரை அதற்குப் பிறகு காணவில்லை. விடுதிக்காரருக்குச் சொந்தம் விடுதியின் தரை. வானத்துக்கு அனுமதி கொடுக்க அவருக்கு உரிமையில்லை, வேலிக்கு அப்பாலுள்ள தேயிலைக்கும் இல்லை.

அந்தத் தேயிலைக்கு நடுவில் நிற்கிறவர்களைப் பற்றித்தான் இந்த விஷயத்தில் ஆரும் பேசுவதில்லை. அன்று காவலாளிக்குப் பின்னால் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நாலைந்து பேர் வந்தார்கள். சத்தம் கேட்டதும் குளவி என்று நினைத்துக் கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்களாம். தோட்டத்தில் குளவி கொட்டி ஆட்கள் செத்திருக்கிறார்கள், அது வேடிக்கையான பயம் இல்லை. ட்ரோன் நிஜமாகவே கூட்டைக் கலைத்துவிட்டால் கொட்டு வாங்கப்போவதும் அவர்கள்தான், விட்டவன் வாகனத்துக்குள் ஏறிவிடுவான். சரிவில் தடுமாறி விழுந்து கால் முறிந்தால் அன்றைய பேரும் (நாட்சம்பளமும்) போச்சு. இன்னொருத்தி சொன்னது வேறு: “பீலியில குளிக்கிற நேரம் மேல வந்து நிக்குதுங்க அம்மா. யாருக்கிட்ட சொல்றது?”

அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். கல்லெறிந்து விழுத்த வேண்டாம். சாமானை உடைத்த வழக்கு உங்கள் தலையில் விழும், அது விழுகிற இடத்தில் இன்னொரு பிள்ளை நிற்கலாம். கைத்தொலைபேசியில் ட்ரோனையும், முடிந்தால் அதை விடுகிற ஆளையும் வாகன இலக்கத்தையும் படமெடுங்கள். நேரத்தையும் இடத்தையும் குறியுங்கள். பொலிஸ் அவசர இலக்கம் 119. சுற்றுலாப் பயணி சம்பந்தப்பட்டதென்றால் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையின் 1912. பூங்காவுக்குள் என்றால் வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992. பொலிஸ் நிலையத்தில் வாக்குமூலத்தைத் தமிழில் கொடுக்கும் உரிமை உங்களுக்கு அரசியலமைப்பிலேயே இருக்கிறது. விளங்காத மொழியில் எழுதிய தாளில் கையெழுத்து வைக்காதீர்கள், வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், முறைப்பாட்டு இலக்கத்தை வாங்கிக்கொண்டு வாருங்கள். தோட்ட நிர்வாகத்துக்கும் தொழிற்சங்கத் தலைவர் மூலமாக எழுத்தில் தெரிவியுங்கள். துரை ட்ரோனுக்கு அனுமதி கொடுத்திருந்தாலும், லயத்து முற்றத்தையும் பீலிக்கரையையும் படமெடுக்கும் அனுமதி அதற்குள் அடங்காது.

படம் விளம்பரத்தில் வந்துவிட்டால்? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வீட்டுப் பாவனைக்கு எடுத்த படத்தைத் தொடாது. வியாபாரத்துக்கு ஒருவரின் முகத்தைப் பாவிப்பது வேறு கதை. சட்டம் படிப்படியாகத்தான் நடைமுறைக்கு வருகிறது, ஆனால் விடுதிக்கோ பயண நிறுவனத்துக்கோ அதைச் சுட்டி ஒரு கடிதம் எழுத எதுவும் தடையில்லை. மலையகப் பெண்களின் முகம் தேயிலைப் பெட்டியிலும் சுற்றுலாச் சுவரொட்டியிலும் எத்தனை வருடமாக, ஆரைக் கேட்டு அச்சாகிறது என்ற பழைய கேள்விக்கு இப்போது மேலிருந்து பார்க்கும் கண்ணும் சேர்ந்திருக்கிறது.

ட்ரோன்காரர்களுக்கும் உரிமை இல்லாமலில்லை. விண்ணப்பத்தை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்கலாம். பதிலே வராமல் கிடந்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் சட்டத்தில் என்ன நடந்ததென்று கேட்கலாம். அது இலங்கைப் பிரஜைக்கு மட்டுமானது. பெறாமகன் கனடாக்காரன், கேட்க வேண்டி வந்தால் பெரியம்மாதான் கேட்க வேண்டும். எங்காவது தடுத்து நிறுத்தினால் ட்ரோனை இறக்கிவிட்டுப் பேச வேண்டும். கருவியை ஆரிடம் கொடுத்தாலும் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்க வேண்டும்.

நேற்றிரவு கடவுச்சீட்டின் பிரதியும் ட்ரோனின் தொடர் இலக்கமும் வட்சப்பில் வந்தன. பின்னாலேயே ஒரு கேள்வி: “பெரியம்மா, எங்க பறக்கவிடப் போறாய் எண்டு எழுத வேணுமாம். ‘எல்ல’ எண்டு போட்டாக் காணுமோ?”

“காணாது” என்று எழுதினேன். “எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், அங்க ஆரிட்டக் கேட்டனி, அதையும் எழுது.”