இலவசப் பாடநூல்: படிக்கலாம், மாற்றி எழுதலாமா?

இண்டர்நெட்டில் கிடைக்கும் பாடநூல்கள் இலவசம்தானே, டவுன்லோட் செய்து நமக்கு வேண்டியபடி மாற்றிக்கொண்டால் என்ன என்று பலரும் நினைக்கிறோம். பணம் கொடுக்காமல் படிக்க முடிவது ஒரு சலுகை. அதை மாற்றி எழுதி மற்றவர்களுக்கும் கொடுப்பதற்குத் தனி உரிமை வேண்டும். இந்த வேறுபாடு தெரியாமல் பாடம் தயாரித்தால், பல வார உழைப்பை யாருக்கும் கொடுக்க முடியாமல் போகலாம். பல்கலைக்கழக நூலகங்கள் இதை எப்படிக் கையாள்கின்றன என்று தெரிந்துகொண்டால், வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் நமக்கும் அது உதவும்.

பூட்டப்பட்ட அலமாரி

அமெரிக்கா, கனடா நாடுகளின் பல்கலைக்கழக நூலகங்களில் ஒரு வழக்கம் உண்டு. விலை கூடிய பாடநூலில் ஒன்றிரண்டு பிரதிகளை வாங்கித் தனி அலமாரியில் வைப்பார்கள். சொந்தமாக வாங்க இயலாத மாணவர் அதைச் சில மணி நேரம் மட்டும் எடுத்துப் படிக்கலாம். 2020 மார்ச்சில் கொரோனாவால் நூலகங்கள் மூடப்பட்டபோது இந்த அலமாரியும் பூட்டப்பட்டது. வகுப்புகள் ஆன்லைனுக்கு மாறின. முழு நூலையும் ஸ்கேன் செய்து அனுப்பக் காப்புரிமைச் சட்டம் இடம் தராது. பல பதிப்பகங்கள் தங்கள் பாடநூல்களின் மின் பதிப்பை மாணவர்களுக்குத் தனித்தனியாக விற்குமே தவிர, நூலகங்களுக்கு விற்பதில்லை.

அந்த நேரத்தில் கைகொடுத்தவை திறந்த கல்வி வளங்கள். ஆங்கிலத்தில் ஓப்பன் எஜுகேஷனல் ரிசோர்சஸ், சுருக்கமாக ஓ.இ.ஆர். என்பார்கள். 2002-ல் பாரிஸில் யுனெஸ்கோ நடத்திய கூட்டத்தில் உருவான பெயர் இது. பாடநூல், வீடியோ, படம், பயிற்சி வினா என எதுவும் இதில் அடங்கும். எடுத்துப் பயன்படுத்தவும், திருத்தவும், பகிரவும் அதன் ஆசிரியரே முன்கூட்டி அனுமதி தந்திருப்பார்.

சில நூலகங்கள் முன்பே தயாராகியிருந்தன. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆம்ஹர்ஸ்ட் வளாக நூலகம் அவற்றில் ஒன்று. விலை கொடுத்து வாங்கும் நூலுக்குப் பதிலாக இத்தகைய வளங்களைப் பயன்படுத்த முன்வரும் ஆசிரியர்களுக்குச் சிறு மானியம் தரும் திட்டத்தை அங்கு 2011-லேயே தொடங்கினார்கள்.

நான்கு குறியீடுகள்

அனுமதி இருக்கிறதா என்று அறிய, நூலில் உள்ள லைசென்ஸைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அது கிரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸாக இருக்கும். 2001-ல் தொடங்கப்பட்ட இந்த அமைப்பு, 2002 டிசம்பரில் தன் முதல் லைசென்ஸ்களை வெளியிட்டது. இதில் நான்கு குறியீடுகளை நினைவில் வைத்தால் போதும்.

பி.ஒய்.: மூல ஆசிரியரின் பெயரைக் குறிப்பிட வேண்டும், மாற்றம் செய்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும்.

எஸ்.ஏ.: நீங்கள் மாற்றி எழுதியதையும் இதே லைசென்ஸில்தான் வெளியிட வேண்டும்.

என்.சி.: வணிக நோக்கில் பயன்படுத்தக் கூடாது.

என்.டி.: அப்படியே பகிரலாம்; மாற்றியதைப் பகிரக் கூடாது. மொழிபெயர்ப்பும் மாற்றம்தான் என்பதைக் கவனிக்கவும்.

இவை ஒன்றோடொன்று சேர்ந்தும் வரும். அங்கேதான் சிக்கல். எம்.ஐ.டி. நிறுவனத்தின் ஓப்பன் கோர்ஸ்வேர் பாடங்கள் பி.ஒய்.-என்.சி.-எஸ்.ஏ. லைசென்ஸில் உள்ளன. விக்கிபீடியா கட்டுரைகள் பி.ஒய்.-எஸ்.ஏ. லைசென்ஸில் உள்ளன. இரண்டையும் கலந்து ஒரே பாடமாக எழுதி வெளியிட முடியாது. ஒவ்வொன்றும் தன் லைசென்ஸையே தொடரச் சொல்கிறது. ஒன்று வணிகப் பயன்பாட்டைத் தடுக்கிறது, மற்றது அனுமதிக்கிறது. எதை வெளியிட்டாலும் ஒன்றை மீறியதாகிவிடும். இரண்டையும் மாற்றாமல், தனித்தனியாக அடுத்தடுத்து வைத்தால் தடை இல்லை.

கனடா காட்டிய வழி

அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் இயங்கும் ஓப்பன்ஸ்டாக்ஸ், 2012-ல் இண்ட்ரொடக்ஷன் டு சோஷியாலஜி என்ற சமூகவியல் பாடநூலை பி.ஒய். லைசென்ஸில் வெளியிட்டது. அதே ஆண்டில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம், திறந்த பாடநூல் திட்டம் ஒன்றை அறிவித்து, அதை பி.சி. கேம்பஸ் என்ற அமைப்பிடம் கொடுத்தது.

அமெரிக்க நூலில் இருந்தவை அமெரிக்கச் சட்டங்களும் அமெரிக்கப் புள்ளிவிவரங்களும். கனடா மாணவருக்கு அவை பொருந்தாது. அதற்காகப் புதிய நூலை முதலிலிருந்து எழுதத் தேவையில்லை. எடுத்துக்காட்டுகளையும் தகவல்களையும் மாற்றி, 2014-ல் கனடா பதிப்பை வெளியிட்டார்கள். லைசென்ஸில் என்.டி. என்ற குறியீடு இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

நூலகர் என்ன பார்க்கிறார்?

பாடத்தை மாற்றுவது ஆசிரியரின் வேலை. மாற்றலாமா என்று சொல்வது நூலகரின் வேலை. நூலின் லைசென்ஸோடு அவர் நின்றுவிடுவதில்லை; உள்ளே உள்ள படங்களையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பார். நூல் திறந்த நூலாக இருந்தாலும், சில படங்களுக்கு மட்டும் தனியாக அனுமதி பெற்றிருப்பார்கள். அந்த அனுமதி நமக்குப் பொருந்தாது.

அடுத்தது, எல்லா மாணவர்களும் பயன்படுத்த முடிகிறதா என்பது. பார்வையற்றவரின் கம்ப்யூட்டரில் உள்ள சாப்ட்வேர் எழுத்துகளைப் படித்துச் சொல்லும்; படத்தை அது எப்போதும் சரியாக விளக்கும் என்று சொல்ல முடியாது. எனவே ஒவ்வொரு படத்திற்கும் விளக்கம் எழுத வேண்டும். வீடியோவிற்கு எழுத்து வரிகள் வேண்டும். மாணவர் மொபைல் போனில் படிக்கக் கூடும் என்பதால் பைலின் அளவும் சிறியதாக இருக்க வேண்டும்.

நீங்களும் செய்து பார்க்கலாம்

உங்கள் பிள்ளைகளுக்கோ, டியூஷன் மாணவர்களுக்கோ ஒரு பாடத்தைத் தயாரிக்க விரும்பினால் கீழ்க்காணும் வரிசையில் செயல்படவும்.

1. லைசென்ஸைத் தேடுங்கள். இணையப் பக்கத்தில் அடியிலும், பி.டி.எப். நூலில் தலைப்புக்கு அடுத்த பக்கங்களிலும் இருக்கும். எதுவும் எழுதப்படவில்லை என்றால் அனுமதி இல்லை என்றே கொள்ளவும்.

2. பி.டி.எப். பைலில் திருத்துவது கடினம். வேர்ட் அல்லது ஓ.டி.டி. வடிவில் கிடைக்கிறதா என்று பாருங்கள். இவற்றைத் திருத்த லிப்ரே ஆபீஸ் என்ற இலவச சாப்ட்வேர் போதும்.

3. மூல பைலைத் தொடாமல் வைத்து, சேவ் அஸ் கொடுத்து வேறு பெயரில் ஒரு பிரதி எடுத்து, அதில் மாற்றங்களைச் செய்யுங்கள்.

4. தமிழில் எழுதுவதானால் யூனிகோட் முறையிலேயே டைப் செய்யுங்கள். வேறு முறையில் டைப் செய்தால், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் புரியாத குறிகளே தெரியும்.

5. இறுதியில் ஒரு குறிப்புச் சேர்க்கவும். தலைப்பு, ஆசிரியர், எடுத்த இடத்தின் முகவரி, லைசென்ஸ், நீங்கள் செய்த மாற்றம் ஆகிய ஐந்தும் அதில் இருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, எடுத்துக்காட்டுகளும் கணக்குகளும் மாற்றப்பட்டுள்ளன என்று ஒரு வரி எழுதினால் மாற்றம் பற்றிய தேவை முடிந்தது.

எடுத்தவுடன் முழு நூலில் இறங்க வேண்டாம். ஒரு பாடத்தில், நம் ஊருக்குப் பொருந்தாத எடுத்துக்காட்டுகளை மட்டும் மாற்றிப் பாருங்கள். டாலர் கணக்கு ரூபாய்க் கணக்காகவும், மைல் கிலோமீட்டராகவும் மாறினாலே, படிக்கும் மாணவருக்கு அந்தப் பாடம் பாதி எளிதாகிவிடும்.