மேற்கோள் எண்ணும் மெய்யான மதிப்பும்

அலுவலகக் கடிதம் எழுதிப் பழகியவர்கள் ‘பார்வை’ என்னும் வரியை நன்கு அறிவார்கள். எந்தப் பழைய கடிதத்தை ஆதாரமாகக் கொண்டு இப்போது எழுதுகிறோம் என்பதை அந்த வரி கூறும். ரயில்வேயில் குமாஸ்தாவாகக் காலந்தள்ளும் எனக்கு, ஆராய்ச்சி உலகமும் ஏறக்குறைய இம்முறையிலேயே நடைபெறுகிறது என்று அறிந்தபோது வியப்பு உண்டாயிற்று.

ஓர் ஆராய்ச்சியாளர் கட்டுரை வெளியிட்டால், பின்வருவோர் அதை மேற்கோள் காட்டுகிறார்கள். இம்மேற்கோள்களைத் தொகுத்துக் காட்ட, அமெரிக்காவில் யூஜின் கார்ஃபீல்டு என்பவர் 1960-களில் ஓர் அட்டவணையைத் தொடங்கினார். 2005-ல் ஹிர்ஷ் என்ற பௌதிக அறிஞர் ‘எச் குறியீடு’ என்னும் கணக்கை வகுத்தார். ஒருவருடைய கட்டுரைகளுள் 20 கட்டுரைகள், ஒவ்வொன்றும் குறைந்தது 20 முறை மேற்கோள் காட்டப்பெற்றிருந்தால் அவருக்கு 20 என்னும் குறியீட்டை வழங்கலாம். 21 பெற வேண்டுமானால் 21 கட்டுரைகள் 21 முறையேனும் எடுத்தாளப்பட வேண்டும். ஊர் விட்டு வந்து குடியேறிய நம் குடும்பங்களில் ஆராய்ச்சி செய்யும் பிள்ளைகள் இருப்பின், இந்த எண் பற்றிய கவலையும் வீட்டில் இருக்கும்.

இவ்வெண் எதைக் கூறும், எதைக் கூறாது? கணிப்பொறிப் பாதுகாப்புத் துறையின் வரலாற்றிலேயே இதற்கு விடை உண்டு.

முன்பின் சந்தித்திராத இருவர், பலரும் ஒட்டுக் கேட்கக்கூடிய கம்பி வழியே இரகசியம் பேச இயலுமா? இயலும் என்று காட்டினார்கள் விட்ஃபீல்டு டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும். பூட்டைத் திறந்தபடி ஊராருக்கெல்லாம் கொடுத்துவிட்டு, சாவியை மட்டும் தன்னிடம் வைத்துக்கொள்வது போன்றது அவர்கள் கூறிய கருத்து. யார் வேண்டுமானாலும் பூட்டலாம். திறக்க வல்லவர் ஒருவரே. 1976 நவம்பரில் வெளியான அக்கட்டுரை இன்றளவும் பல்லாயிரம் முறை மேற்கோள் காட்டப்பெற்றுள்ளது. அத்தகைய பூட்டை எவ்வாறு செய்வது என்பதை ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் என்னும் மூவர் 1978-ல் வெளியிட்ட கட்டுரை விளக்கிற்று. ஊருக்குச் செல்ல நாம் கைப்பேசியில் ரயில் டிக்கெட் எடுக்கும்போது, நம் பணத்தைக் காப்பது இவ்வழி வந்த கணிதமே.

ஆனால் இதே எண்ணம் பெர்க்லி சர்வகலாசாலையில் மாணவராயிருந்த ரால்ஃப் மெர்க்கிளுக்கு 1974-லேயே உதித்தது. அவருடைய ஆசிரியருக்கு அது விளங்கவில்லை. கட்டுரையாக எழுதி ஒரு சஞ்சிகைக்கு அனுப்பினார், திரும்பி வந்தது. காட்டப்பட்ட குறைகளுள் ஒன்று என்ன தெரியுமா? முந்தைய நூல் எதனையும் அவர் மேற்கோள் காட்டவில்லை என்பதே! யாரும் நடவாத காட்டில் முன்னோர் காலடிக்கு அவர் எங்கே போவார்? அக்கட்டுரை அச்சேறியது 1978 ஏப்ரலில்தான். எனினும் டிஃபியும் ஹெல்மனும், அச்சேறாத அக்கட்டுரையைத் தம் 1976-ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே மேற்கோளாகக் குறித்திருந்தனர். தம் பெயர்களால் வழங்கும் முறைக்கு மெர்க்கிளின் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமென ஹெல்மன் பிற்காலத்தில் எழுதினார். பிறர்க்கு உரியதைப் பிறர்க்கு அளிக்கும் இப்பண்பு எந்த அட்டவணையிலும் ஏறுவதில்லை.

உண்மையில் அந்தக் காட்டில் அதற்கு முன்பே நடந்தவர்களும் இருந்தனர். அவர்கள் காலடியைத்தான் யாரும் காணவில்லை. பிரிட்டிஷ் அரசின் இரகசியத் தகவல் நிலையத்தில் பணியாற்றிய ஜேம்ஸ் எல்லிஸ், இக்கருத்தை 1970-ல் எழுதி வைத்தார். அங்கே புதிதாகச் சேர்ந்த கிளிஃபர்டு காக்ஸ் என்னும் இளைஞர், 1973-ல் அதற்கு உரிய கணித வழியையும் கண்டார். இரண்டும் அலுவலகக் கோப்பிலேயே உறங்கின. 1997 டிசம்பரில் அச்செய்தி உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதைக் காண எல்லிஸ் உயிரோடு இல்லை. சில வாரங்களுக்கு முன் காலமாகிவிட்டார். ஏறக்குறைய இருபத்தேழு ஆண்டுகள் அவருடைய மேற்கோள் கணக்கு வெறும் பூஜ்யமே!

ஆகவே, எல்லிஸ் அறிவிற் குறைந்தவர் என்று கூறலாமா? கூடாது. அதே சமயம், கோப்பில் கிடந்த அறிவால் உலகுக்குப் பயன் விளையவில்லை என்பதையும் மறுக்க இயலாது. வெளியிட்டவர்களால்தான் அது சந்தைக்கும் வீட்டுக்கும் வந்தது. மேற்கோள் எண் அறிவை அளக்கும் படியன்று; அறிவு எவ்வளவு தூரம் பயணம் செய்தது என்பதைக் காட்டும் மைல்கல் மட்டுமே.

என் போன்றோர் எழுதும் குறிப்புகள் மேலதிகாரியின் கையெழுத்தோடு செல்கின்றன. அதனால் பெயரின் அருமை எங்களுக்குத் தெரியும். பெற்றோர்களே! உங்கள் பிள்ளை குறியீடு குறைவென்று சோர்ந்திருந்தால், எத்தனை என்று கேளாதீர்கள். என்ன கண்டாய், அதை நாலு பேருக்கு விளங்கச் சொன்னாயா, முன்னே சென்றவர் பெயரை மறவாமல் குறித்தாயா என்று கேளுங்கள். எண் பின்னால் வரட்டும்.