விரால் ஏன் ரப்பர் தவளையைக் கடிக்கிறது?

போன வருஷம் புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தருமபுரிப் பக்கம் ஒரு சின்ன ஏரி. முந்தின வாரம் பெய்த மழையில் பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது. கையில் ஏழடித் தூண்டில், நுனியில் பச்சை நிற ரப்பர் தவளை. புரட்டாசியில் எங்கள் வீட்டில் மீன் சமைக்க மாட்டார்கள். அதனால் பிடித்து, போட்டோ எடுத்து, திரும்ப விட்டுவிடுவதுதான் திட்டம். யாருக்கும் நஷ்டமில்லாத விளையாட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

கோரைப்புல் ஓரமாக ஒரு தாம்பாளம் அளவுக்குத் தண்ணீர் மட்டும் செம்மண் நிறத்தில் தெரிந்தது. நடுநடுவே சோறு கொதிக்கிற மாதிரி பொங்கி அடங்கியது. விரால் குஞ்சுக் கூட்டம். இதை வீடியோக்களில் பார்த்திருக்கிறேன். கூட்டத்தைத் தாண்டி வீசி, அதன் மேலேயே இழுத்து வா, பெரிய மீன் அடிக்கும் என்பார்கள். வீசினேன். முதல் இழுப்பிலேயே 'டப்'பென்று அடி. ஒன்றரைக் கிலோ இருக்கும்.

கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த பெரியவர் எழுந்து வந்து பார்த்தார். "தம்பி, அது பசிக்கு வரல. புள்ளைங்களக் காக்க வந்துச்சு" என்று சொல்லிவிட்டுத் திரும்ப வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

கொக்கியைக் கழற்றி, ரெண்டு போட்டோ எடுத்து விடுவதற்குள் எட்டுப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். திரும்பிப் பார்த்தபோது அந்தச் சிவப்பு வட்டம் சிதறிக் கிடந்தது. ஜிலேபி மீன்கள் அதற்குள் புகுந்து துள்ளிக்கொண்டிருந்தன. மீனை உயிரோடு விட்டாகிவிட்டது, சரி. ஆனால் அதன் குஞ்சுகள்?

அன்றிலிருந்து ஒரு கேள்வி பிடித்துக்கொண்டது. வாசனையும் ருசியும் இல்லாத ஒரு ரப்பர் துண்டை மீன் ஏன் கடிக்கிறது? இந்தக் குறிப்பு அதைப் பற்றித்தான்.

ரப்பர் தவளையின் அமைப்பு

நம் ஊரில் விராலுக்கு உயிர்த் தவளையையோ அயிரையையோ கொக்கியில் குத்திப் போடுவதுதான் பழைய முறை. சின்னதைக் கொடுத்துப் பெரியதை வாங்குவதற்கு 'அயிரையைப் போட்டு விராலைப் பிடிக்கிறது' என்ற பேச்சே அதிலிருந்து வந்ததுதான். ரப்பர் தவளை அந்த உயிர்த் தவளைக்கு மாற்று. தவளைகள் வயல் பூச்சிகளைத் தின்பவை. தவளைக்கால் ஏற்றுமதியையே இந்தியா 1987ல் நிறுத்தியது. அந்த விதத்தில் ரப்பர் நல்ல மாற்றம்தான்.

'ரப்பர்' என்று நாம் சொன்னாலும் பெரும்பாலானவை எண்ணெய் போன்ற மெதுவாக்கி கலந்து இளக்கிய பி.வி.சி. தவளை உள்ளே வெற்றிடம், அதனால் மிதக்கும். இரட்டைக் கொக்கியின் முனைகள் மேல்நோக்கி, உடம்போடு ஒட்டி இருக்கும். ஆகாயத்தாமரை மேல் இழுத்தாலும் மாட்டாது. மீன் வாயை மூடி அழுத்தும்போது உடம்பு அமுங்கி, கொக்கி வெளியே வரும். அதனால்தான் அடித்தவுடனே இழுக்கக் கூடாது. ஒன்று, இரண்டு என்று எண்ணிவிட்டு இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் தவளை மட்டும் நம் முகத்தை நோக்கிப் பறந்து வரும். எனக்கு வந்திருக்கிறது.

கீழேயிருந்து பார்த்தால்

தண்ணீருக்குள்ளிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு வானம் முழுசும் ஒரு வட்ட ஜன்னல் வழியாகத்தான் தெரியும். ஒளி தண்ணீரில் வளைவதால் வருவது இது. அந்த ஜன்னலின் கோணம் சுமார் 97 டிகிரி. கணக்குப் போட்டால் ஜன்னலின் விட்டம், மீன் இருக்கும் ஆழத்தைப் போல 2.3 மடங்கு. ஒரு மீட்டர் ஆழத்தில் இருக்கும் மீனுக்கு 2.3 மீட்டர் ஜன்னல். 30 சென்டிமீட்டரில் இருந்தால் 70 சென்டிமீட்டர்தான். அந்த வட்டத்துக்கு வெளியே நீர்ப்பரப்பு கண்ணாடி மாதிரி. ஏரியின் அடித்தரைதான் அதில் பிரதிபலிக்கும்.

இப்போது தவளை தூரத்திலிருந்து வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அதன் அதிர்வு. மீனின் பக்கவாட்டில் ஓடும் உணர்கோடு அதைப் பிடித்துவிடும். அடுத்து, கண்ணாடிப் பரப்பில் ஒரு குழிவும் தண்ணீருக்குள் தொங்கும் கால்களும். கடைசியாக ஜன்னலுக்குள் நுழையும்போது வானத்தின் பின்னணியில் ஒரு கறுப்பு நிழல். கீழேயிருந்து பார்க்கும் மீனுக்குத் தவளையின் முதுகு தெரியவே தெரியாது. கடையில் அரைமணி நேரம் நின்று நிறம் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் நம் திருப்திக்குத்தான். உருவமும், அளவும், விட்டு விட்டு நகரும் நடையும்தான் முக்கியம். மீனின் தலைமேல் பொத்தென்று போடாமல் தள்ளி வீசி இழுத்து வரச் சொல்வதற்கும் இதுவே காரணம்.

மேல்மட்டத்தில் மேயும் மீன் எல்லாம் இதற்கு ஏமாறாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம் ஏரிகளில் குத்தகைக்காரர்கள் விடும் கட்லாவும் மேல்மட்ட மீன்தான். அதன் வாயே மேல்நோக்கி வளைந்திருக்கும். ஆனால் அது நுண்ணுயிர் மிதவைகளை வடிகட்டித் தின்பது. நாள் முழுக்கத் தவளையை இழுத்தாலும் திரும்பிப் பார்க்காது. துரத்திப் பிடித்துத் தின்னும் மீனுக்குத்தான் இந்த வித்தை.

மெல்லிய தூண்டிலின் கணக்கு

'இவ்ளோ மெல்லிசு நூல்ல ரெண்டு கிலோ மீனா?' என்று கேட்பவர்களுக்காக. தண்ணீருக்குள் மீனின் எடை கிட்டத்தட்ட பூஜ்யம். மிதப்பு விசை தாங்கிக்கொள்ளும். நூல் தாங்க வேண்டியது அதன் எடையை அல்ல, அதன் இழுப்பை. 20 பவுண்டு பின்னல் நூல் என்றால் சுமார் 9 கிலோ தாங்கும். ரீலில் உள்ள ட்ராகை அதில் மூன்றில் ஒரு பங்குக்கு, அதாவது 3 கிலோ இழுத்தால் நூல் வழுக்கி ஓடும்படி வைக்க வேண்டும். சூட்கேஸ் எடை பார்க்கும் கைத்தராசை நூல் நுனியில் மாட்டி இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். மீதி இரண்டு பங்கு முடிச்சின் பலவீனத்துக்கும் திடீர் குலுக்கலுக்கும். திறந்த தண்ணீரில் 10, 15 பவுண்டு நூலே போதும். புல்லும் தாமரையும் அடர்ந்த இடத்தில் மீன் நூலைச் சுற்றிக்கொண்டு தாவரத்தோடு சேர்த்து இழுக்கும். அங்கே 30 பவுண்டுக்குக் குறைந்து போகாதீர்கள்.

கடல் மீனின் கடி

பொய் இரையால் மேல்மட்ட மீன் பிடிப்பது ஏரிக்குத்தான் புதுசு. லட்சத்தீவின் மினிக்காயில் சூரை மீனைக் கழியும் நூலும் கொண்டு பிடிக்கும் முறை பேர்போனது. சூரைக் கூட்டத்தைக் கண்டதும் உயிரோடு வைத்திருக்கும் சின்ன மீன்களைக் கடலில் வீசுவார்கள். நீர்ப்பரப்பில் தண்ணீரைத் தெளிப்பார்கள். பார்க்கிற சூரைக்கு ஆயிரம் சின்ன மீன் துள்ளுவது போலத் தோன்றும். அந்த வெறியில் பளபளக்கும் கொக்கியையும் சேர்த்துக் கவ்வும். கொக்கிக்கு எதிர்முள் கிடையாது. மீனைத் தூக்கிப் பின்னால் வீசி நூலைத் தளர்த்தினால் தானே கழன்று படகில் விழும்.

இங்கே மீன் கடிப்பதற்குக் காரணம் பசியும் போட்டியும். பக்கத்து மீன் தின்றுவிடுமோ என்ற அவசரத்தில் யோசிக்க நேரமில்லை. சென்னையிலும் ராமேஸ்வரத்திலும் மெல்லிய தூண்டிலில் ரப்பர் மீனைக் கட்டிப் பாரைக்கும் சீலாவுக்கும் வீசுபவர்கள் நம்பியிருப்பதும் இதே அவசரத்தைத்தான்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சூரையும் வஞ்சிரமும் லட்சக்கணக்கில் முட்டைகளைக் கடலில் விட்டுவிட்டுப் போய்விடும். குஞ்சைக் காவல் காப்பதில்லை. ஒரு சூரையைப் பிடித்தால் இழப்பு அந்த ஒரு சூரையோடு முடிந்தது.

ஏரியில் கதை வேறு

விரால் குடும்பஸ்தன். மழைக்காலத்தில் ஆழமில்லாத ஓரத்தில் புல்லை விலக்கி வட்டமாக இடம் செய்து முட்டையிடும். முட்டைகள் மிதக்கும். ஒன்றிரண்டு நாளில் பொரிந்துவிடும். அதன்பின் சில வாரங்கள், செந்நிறம் மாறிக் குஞ்சுகள் பிரிந்து போகும்வரை, பெற்றோர் கூட்டத்துக்கு அடியிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். நாம் 'தாய் விரால்' என்று சொல்வோம். உண்மையில் தகப்பனும் அந்தக் காவலில் இருக்கும்.

விரால் காற்றைச் சுவாசிக்கும் மீன். அதனால்தான் ஏரி வற்றினாலும் ஈரச் சேற்றில் உயிர் பிழைக்கிறது. குஞ்சுகளும் கொஞ்சம் வளர்ந்ததும் மூச்சுக்காக மேலே வர வேண்டும். எல்லாம் ஒன்றாக வரும்போதுதான் தண்ணீர் கொதிப்பது போலத் தெரிகிறது. எந்தப் பறவைக்கும் எந்த மீனுக்கும் எந்த மனிதனுக்கும் தெரியும்படி, 'இங்கேதான் இருக்கிறோம்' என்று அறிவிக்கிற நேரம் அது. அந்த நேரத்தில் மேலே நகரும் எதுவும் பெற்றோருக்கு எதிரிதான். தவளையும் எதிரி, ரப்பர் தவளையும் எதிரி.

ஆக, ஒரே பொய் இரை, ஒரே அடி, காரணம் மட்டும் வேறு. பெரியவர் ஒரே வரியில் சொன்னதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருஷ வாசிப்பு தேவைப்பட்டது.

'பிடித்தாலும் விட்டுவிடுகிறோமே' என்ற சமாதானமும் இங்கே செல்லாது. அமெரிக்காவின் பாஸ் மீனிலும் ஆண் மீன்தான் கூட்டைக் காக்கும். அதைக் கூட்டிலிருந்து பிடித்துத் திரும்ப விட்டால் என்ன ஆகிறது என்று ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். அது இல்லாத சில நிமிஷத்திலேயே மற்ற மீன்கள் முட்டைகளைத் தின்ன ஆரம்பித்துவிடுகின்றன. அதிக நேரம் வெளியே வைத்திருந்தால் திரும்பிப் போனாலும் கூட்டைக் கைவிட்டுவிடும் வாய்ப்பு கூடுகிறது. நான் ஏரிக்கரையில் பார்த்ததும் அதுதான்.

அந்த வீடியோக்கள்

குஞ்சுக் கூட்டத்தைத் தேடி வீசு என்று நான் கற்றுக்கொண்ட வீடியோக்களில் பல அமெரிக்கர்களுடையவை. அங்கே விரால் இனம் அழையா விருந்தாளி. 2002ல் மேரிலாந்தின் கிராஃப்டன் ஊர்க் குளமொன்றில் சீனப் பக்கத்து விரால் வகை பெருகியிருப்பது தெரிந்து, குளத்துக்கே மருந்து ஊற்றிக் கொன்றார்கள். அதே வருஷம் விரால் குடும்பம் முழுவதையும் தீங்கு செய்யும் உயிரினப் பட்டியலில் சேர்த்தார்கள். ஃபுளோரிடாவில் 2000ல் அகப்பட்டதோ வேறொரு வகை. வாலடியில் கண் போன்ற புள்ளியுள்ள பெரிய விரால். அங்கே குஞ்சுகளோடு சேர்த்துப் பெற்றோரை ஒழிப்பதுதான் நோக்கம். அந்த உத்தி அங்கே சரி.

மென்பொருள் வேலையில் அடிக்கடி பார்ப்பேன். வேறு இடத்துக்காக எழுதிய நிரலை எடுத்து இங்கே ஓட்டுவோம். ஓடும். ஆனால் எழுதியவர் மனதில் வைத்திருந்த அனுமானமும் சேர்ந்து ஓடும். அழிப்பதற்கு எழுதிய உத்தியை, காக்க வேண்டிய ஏரியில் நான் ஓட்டியிருக்கிறேன்.

இப்போது நான் செய்வது

தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். தூண்டில்காரன் ஏரிக்கு அந்த மாதிரி நாட்காட்டியைத் தானே வைத்துக்கொள்ள வேண்டும். என்னுடையது இது:

ஏரியில் புதுத் தண்ணீர் வந்த மாதங்களில் புல்லோரங்களில் வீசுவதில்லை. தைக்கு மேல், தண்ணீர் இறங்கிய பிறகு போகிறேன்.

சிவப்பு வட்டமோ கொதிப்போ தெரிந்தால் தூண்டிலைச் சுற்றிவிட்டு வேறு கரைக்குப் போய்விடுகிறேன். தனியாக ஒரு மீன் 'ப்ளக்'கென்று மூச்சு வாங்கிப் போனால் அதற்குப் பக்கத்தில் வீசுகிறேன்.

எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிடுகிறேன். மினிக்காய்காரர்களுக்கு அது வேகத்துக்கு; எனக்கு மீனைச் சீக்கிரம் விடுவதற்கு.

கிழிந்த தவளைகளைப் பையிலேயே போட்டுக்கொண்டு வருகிறேன். பி.வி.சி. மக்காது.

மீன்பாசி குத்தகை யாருடையதோ அவரிடம் முதலில் கேட்டுவிடுகிறேன். அனுமதிக்காக மட்டுமல்ல, எந்த ஓரத்தில் குஞ்சு இருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும்.

இந்த வருஷம் மாசியில் அதே ஏரிக்குப் போனேன். நாலு மணி நேரத்தில் ஒரே ஒரு மீன், அரைக் கிலோ கூட இருக்காது. தவளையை முழுசாக விழுங்க வாயைத் திறந்து வந்திருந்தது. பெரியவர் பார்த்துவிட்டு, "இது பசி" என்றார். அன்று வீட்டில் விரால் குழம்பு.